கடவுள் நேராகவே மன்னித்திருக்கலாமே, சிலுவை எதற்கு?

நீங்கள் கேட்டதைச் சுருக்கித் திருப்பிச் சொல்கிறேன். இயேசுவுக்கு மரண தண்டனை கொடுத்தது ரோம அரசு. அந்தச் சாவு இருபது நூற்றாண்டு கழித்து வாழும் ஒருவருடைய பாவத்துக்கான சாவாக எப்படி ஆகும்? மன்னிக்க மனமுள்ள கடவுள் நேராக மன்னித்துவிடலாமே, நடுவில் ஓர் அப்பாவியின் ரத்தம் எதற்கு? அப்படியே அவர் செத்தாகிவிட்டது என்றால், எல்லாருக்கும் கணக்கு தீர்ந்துவிட்டதா? மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் பதில் கிடைக்கும் இடங்கள் வேறு வேறு. முதல் கேள்விக்கு வரலாறு பாதி பதில் தரும். இரண்டாவதுதான் உங்களை உறுத்துகிறது என்று நீங்கள் எழுதிய விதத்திலேயே தெரிகிறது. அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன். மூன்றாவது, சபைகளுக்குள் இன்னும் தீராத வழக்கு. விவிலிய நூல்களின் பெயர்களைப் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடியே எழுதுகிறேன், கத்தோலிக்க வாசகர்களுக்கும் அடையாளம் தெரியும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: நாசரேத்தூர் இயேசு, பொந்தியு பிலாத்து யூதேயாவின் ஆளுநராக இருந்தபோது எருசலேமில் சிலுவையில் அறையப்பட்டார். மத நம்பிக்கையே இல்லாத வரலாற்றாசிரியர்களும் இதில் சந்தேகப்படுவதில்லை. கிறிஸ்தவர்களைக் கொஞ்சமும் பிடிக்காத ரோமரான டாசிட்டஸ் 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் போகிறபோக்கில் எழுதிவைத்திருக்கிறார். பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை பதவியில் இருந்தவர். அவர் பெயர் பொறித்த கல் 1961-ல் ஆளுநரின் தலைமையிடமான செசரியாவில் கிடைத்தது. யூத வரலாற்றாசிரியர் யோசேபஸின் நூலிலும் ஒரு பத்தி உண்டு, ஆனால் பிற்காலக் கிறிஸ்தவக் கைகள் அதில் சேர்த்தெழுதியிருக்கின்றன என்பதால் அதைத் தனிச் சாட்சியாக நிறுத்துவது சரியில்லை. நாள் எது என்பதில்தான் இழுபறி. கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3 என்ற இரண்டு வெள்ளிக்கிழமைகளை ஆய்வாளர்கள் பெரும்பாலும் முன்வைக்கிறார்கள். நேரத்திலும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்திகள் ஒத்துப்போவதில்லை. மாற்குவின்படி காலை ஒன்பது மணிக்கே சிலுவையில் அறைந்தாகிவிட்டது; யோவானின்படி நண்பகல் நெருங்கும்போதும் இயேசு பிலாத்துவின் முன்னால்தான் நிற்கிறார். இந்த இரண்டையும் ஒட்டவைக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள், எதுவும் முழுமையாக ஒட்டவில்லை.

ஏன் கொன்றார்கள் என்பதற்குச் சிலுவையின் மேல் தொங்கிய பலகையே நேரடிப் பதில்: ‘யூதருடைய ராஜா.’ அது அரசத் துரோகக் குற்றச்சாட்டு. பஸ்கா பண்டிகை என்பது எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை கிடைத்ததைக் கொண்டாடும் பண்டிகை. அந்த நாட்களில் எருசலேம் வெளியூர்க் கூட்டத்தால் நிரம்பி வழியும். கலவரம் வெடித்தால் அடக்குவதற்காகவே ஆளுநர் செசரியாவிலிருந்து படையோடு மேலே வந்து தங்குவார். அந்தச் சமயம் பார்த்து, ‘தேவனுடைய ராஜ்யம் வருகிறது’ என்று பேசும் ஒருவர் கூட்டத்தோடு நகருக்குள் நுழைந்து, தேவாலயத்தில் காசுக்காரரின் மேசைகளைக் கவிழ்த்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ஆலய நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த தலைமை ஆசாரியர் குடும்பத்துக்கும் ரோமருக்கும் அந்த வாரத்தில் ஒரே கவலை. இரவு விசாரணை எந்த முறையில் நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்ற விவரங்களில் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். தீர்ப்பு ரோமருடையது, தண்டனை ரோமருடையது என்பதில் பிரிவு இல்லை.

அந்தத் தண்டனை எப்படிப்பட்டது என்று தெரியாமல் அதன் பொருளைப் பேசுவது வீண். சிலுவை அடிமைகளுக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் உரியது. ரோமக் குடிமகனுக்குப் பொதுவாகக் கிடையாது. கி.மு. 71-ல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் நடந்த அடிமைக் கிளர்ச்சி ஒடுங்கியதும், பிடிபட்ட 6000 பேரைக் காப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் நெடுகச் சிலுவையில் ஏற்றினார்கள். கொல்வது மட்டும் நோக்கமாக இருந்தால் வாள் போதும். நிர்வாணமாக, பொதுவழியில், நாய்க்கும் பறவைக்கும் இரையாக, அடக்கம்கூட இல்லாமல் ஒருவரை மனிதர் கணக்கிலிருந்தே நீக்கிக் காட்டுவது அந்தத் தண்டனையின் வேலை. செங்குத்து மரம் பெரும்பாலும் கொலைக்களத்திலேயே நட்டிருக்கும்; குற்றவாளி தூக்கிப்போவது குறுக்கு மரத்தை மட்டும். 1968-ல் எருசலேமின் வடபகுதியில் ஒரு கல்லறைக் குகையில் எலும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே யெஹோகனான் என்ற 1-ஆம் நூற்றாண்டு மனிதரின் வலது குதிகால் எலும்பு, அதில் பக்கவாட்டாக இறங்கிய 11.5 சென்டிமீட்டர் இரும்பு ஆணி. ஆணியின் நுனி வளைந்திருக்கிறது, மரத்திலிருந்த கணுவில் மோதியிருக்க வேண்டும். அதனால்தான் பிடுங்க முடியாமல் எலும்போடு சேர்த்தே அடக்கம் செய்திருக்கிறார்கள். ஆணித் தலைக்கும் எலும்புக்கும் நடுவில் மரத்துண்டு ஒன்று, கால் பிய்த்துக்கொண்டு வராமல் இருக்க. 1985-ல் வெளிவந்த மறு ஆய்வின் முடிவு: இரண்டு கால்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே ஆணியால் அடிக்கவில்லை, மரத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியாக அடித்திருக்கிறார்கள், கை எலும்புகளில் ஆணித் தடம் இல்லாததால் கைகளைக் கயிற்றால் கட்டியிருக்கலாம். எல்லாச் சிலுவைச் சாவும் இப்படியே நடந்தது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. எருசலேம் முற்றுகையின்போது படைவீரர்கள் விளையாட்டாக ஆளுக்கொரு கோலத்தில் அறைந்தார்கள் என்று யோசேபஸே எழுதுகிறார்.

இங்கே பிரசங்கங்களில் வழக்கமாக வரும் இரண்டு பிழைகளைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, ‘39 சாட்டையடி.’ அது யூதச் சட்டத்தின் கணக்கு. சட்டம் 40 வரை அனுமதித்தது, எண்ணிக்கை தவறிவிடக் கூடாதென்று ஒன்றைக் குறைத்து அடித்தார்கள். புதிய ஏற்பாட்டின் பல கடிதங்களை எழுதிய பவுல் தனக்கு ஐந்து முறை கிடைத்ததாகச் சொல்வது அதைத்தான். இயேசுவை அடித்தது ரோம வீரர்கள், அவர்களுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை, நற்செய்திகள் எண்ணிக்கை எதுவும் தரவில்லை. இரண்டாவது, சாவுக்கு மருத்துவக் காரணம். மூச்சுத் திணறலே காரணம் என்பது பிரெஞ்சு அறுவை மருத்துவர் பியேர் பார்பே பரப்பிய விளக்கம். அமெரிக்கத் தடயவியல் மருத்துவர் ஃபிரெடரிக் ஸுகிபி அதைச் சோதித்துப் பார்த்து மறுத்தார், அடியாலும் ரத்த இழப்பாலும் வந்த அதிர்ச்சியே காரணம் என்றார். உடல் இல்லாமல் இதற்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. நற்செய்தியாளர்களுக்கு இதில் அக்கறையே இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘அவரைச் சிலுவையில் அறைந்தார்கள்’ என்பதோடு அந்தக் காட்சி முடிந்துவிடுகிறது. ஆணி என்ற சொல்லே உயிர்த்தெழுதலுக்குப் பிறகு சீடர் தோமாவின் வாயில்தான் வருகிறது. வலி எவ்வளவு என்று அளந்து, அந்த அளவுக்குப் பாவம் கழிந்தது என்று கணக்குப் போடும் பிரசங்கம் உருக்கமாக இருக்கலாம், ஆனால் புதிய ஏற்பாட்டில் அந்தக் கணக்கு இல்லை. இயேசுவைவிட நீண்ட நேரம் சிலுவையில் கிடந்து செத்தவர்கள் ஏராளம். அவர் இவ்வளவு சீக்கிரம் இறந்துவிட்டாரா என்று பிலாத்துவே ஆச்சரியப்பட்டதாக மாற்கு எழுதுகிறார்.

இப்படி ஒரு சாவைத் தங்கள் விசுவாசத்தின் மையமாக யாராவது கற்பனை செய்து உருவாக்குவார்களா என்றால், மாட்டார்கள். ‘மரத்திலே தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன்’ என்று பழைய ஏற்பாட்டின் உபாகமம் சொல்கிறது. யூதருக்கு அது இடறல். ரோமருக்கு அது கேலி. ரோமின் பலத்தீன் குன்றில் கிடைத்த ஏறக்குறைய 200-ஆம் ஆண்டைச் சேர்ந்த சுவர்க் கிறுக்கலில் கழுதைத் தலையோடு ஒரு மனிதன் சிலுவையில் தொங்குகிறான், கீழே ஒருவன் கையுயர்த்தி நிற்கிறான், பக்கத்தில் ‘அலெக்ஸாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்’ என்று எழுதியிருக்கிறது. இந்த அவமானத்துக்கு நடுவில்தான் முதல் தலைமுறைச் சீடர்கள் ‘இது நமக்காக நடந்தது’ என்றார்கள். அதை எவ்வளவு சீக்கிரம் சொன்னார்கள் என்பதும் ஓரளவு தெரியும். 50-களின் நடுவில் கொரிந்தியருக்கு எழுதும் பவுல், ‘கிறிஸ்து வேதவாக்கியங்களின்படி நமது பாவங்களுக்காக மரித்தார்’ என்பதைத் தன் சொந்தக் கருத்தாக எழுதவில்லை, தனக்கு முன் இருந்தவர்களிடம் பெற்றுக்கொண்டதாக எழுதுகிறார். அதாவது சாவுக்கும் இந்த வாசகத்துக்கும் இடைவெளி இருபது ஆண்டுகளுக்கும் குறைவு.

‘நமக்காக’ என்பது உறுதி. ‘எப்படி’ என்பதற்குத்தான் ஒரே பதில் இல்லை, ஆரம்பத்திலிருந்தே இல்லை. இதைத் தெளிவாக மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இயேசு யார் என்ற கேள்விக்குத் திருச்சபை 325-ல் நிக்கேயாவிலும் 451-ல் கல்கெதோனிலும் ஆயர்களின் சங்கம் கூட்டி வரையறை எழுதியது. சிலுவை எப்படி மீட்கிறது என்பதற்கு எந்தப் பொதுச் சங்கமும் ஒரே கோட்பாட்டை வரையறுத்து மற்றவற்றை விலக்கியதில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்தில் சொல்லும் விசுவாசப் பிரமாணமும் ‘நமக்காக, பொந்தியு பிலாத்துவின் காலத்தில்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. புதிய ஏற்பாட்டிலேயே பல உருவகங்கள் அருகருகே கிடக்கின்றன: அடிமையை விடுவிக்கும் மீட்கும்பொருள், பலி, பகைவரோடு ஒப்புரவு, தீய சக்திகள்மேல் வெற்றி, நீதிமன்றத்தில் விடுதலை, பின்பற்ற வேண்டிய மாதிரி.

இவற்றில் பலி என்ற உருவகம்தான் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. கோபமாக இருக்கும் தெய்வத்துக்கு ரத்தம் காட்டி அமைதிப்படுத்துவது என்று நினைத்துக்கொண்டு, பலிச் சட்டங்களைச் சொல்லும் லேவியராகமத்தைத் திறந்தால் ஏமாற்றமே மிஞ்சும். 16-ஆம் அதிகாரத்தில் ஆண்டுக்கொருமுறை வரும் பாவநிவிர்த்தி நாளின் சடங்கு இருக்கிறது. இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள், சீட்டுப் போட்டுப் பிரிக்கிறார்கள். ஒன்றை அறுத்து அதன் ரத்தத்தை ஆசாரியர் திரைக்கு உள்ளே கொண்டுபோய், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேல் தெளிக்கிறார். எதற்கு? மக்களின் அசுத்தத்தால் தீட்டுப்பட்ட பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்திகரிக்க. மற்ற கடாவின் தலையில் ஆசாரியர் இரண்டு கைகளையும் வைத்து இஸ்ரவேலின் பாவங்களை அறிக்கையிடுகிறார், அது உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. பாவத்தைச் சுமக்கும் ஆட்டை அறுப்பதில்லை. அறுக்கப்படும் ஆடு பாவத்தைச் சுமப்பதில்லை. ‘எனக்குப் பதிலாக ஆட்டுக்கு மரண தண்டனை’ என்ற எளிய சமன்பாடு இரண்டிலும் பொருந்தவில்லை. இன்னொன்று: ஆடோ புறாவோ கொண்டுவர வசதியில்லாத ஏழை, பாவநிவாரண பலியாக எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு, ஏறக்குறைய இரண்டு லிட்டர், கொண்டுவந்தால் போதும் என்கிறது அதே நூலின் 5-ஆம் அதிகாரம். அவனுக்கும் மன்னிப்பு உண்டு. ‘இரத்தஞ்சிந்துதல் இல்லாமல் மன்னிப்பு உண்டாகாது’ என்று மேற்கோள் காட்டுகிறவர்கள் எபிரெயரின் அதே வசனம் ‘ஏறக்குறைய எல்லாம்’ என்று தொடங்குவதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

அதோடு, இயேசு இறந்தது பாவநிவிர்த்தி நாளில் இல்லை; அது ஆறு மாதம் தள்ளி வருகிறது. அவர் எருசலேமுக்கு வந்தது பஸ்காவுக்கு. கடைசி இராப்போஜனத்தில் அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துத் தன் சாவுக்கு விளக்கம் தந்தது பஸ்காவின் நிழலில். பஸ்கா ஆட்டின் ரத்தம் பாவத்துக்கான தண்டனை அல்ல, அடிமை வீட்டிலிருந்து புறப்படும் இரவில் வாசல் நிலைக்கால்களில் பூசிய அடையாளம். யோவான் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறார்: பஸ்கா ஆடுகள் அறுக்கப்படும் நாளிலேயே இயேசு சாகிறார், ஆட்டின் எலும்பு முறிக்கப்படக் கூடாது என்ற விதிப்படி அவர் காலும் முறிக்கப்படவில்லை. ஆக முதல் சட்டகம் விடுதலை. பாவநிவிர்த்தி அதன்மேல் சேர்த்து நெய்யப்பட்டது, அதுவும் மிகச் சீக்கிரமே. முக்கியமான இழை ஏசாயா 53. ‘நம்முடைய அக்கிரமங்களினிமித்தம் நொறுக்கப்பட்டார்’ என்று வரும் துன்புறும் தாசன் யார் என்பதில் யூத மரபு பெரும்பாலும் இஸ்ரவேல் மக்களையே பார்க்கிறது. கிறிஸ்தவர்கள் இயேசுவைப் பார்க்கிறார்கள்.

இப்போது உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டால் விசுவாசக் குறைவு என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்; ஆரம்ப நூற்றாண்டு ஆசிரியர்களான சபைப் பிதாக்களே இதைக் கேட்டிருக்கிறார்கள். மீட்கும்பொருள் என்றால் யாருக்குக் கொடுத்தது என்று 4-ஆம் நூற்றாண்டில் நசியான்சு கிரெகோரி கேட்டார். சாத்தானுக்கு என்றால், கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே கூலியாகக் கொடுப்பது அவமானம். பிதாவுக்கு என்றால், நம்மை அடைத்துவைத்திருந்தது அவரில்லையே, ஆபிரகாம் கொண்டுபோன ஈசாக்கையே ஏற்காதவர் தன் குமாரனின் ரத்தத்தில் எப்படி மகிழ்வார்? பிதா கேட்டு வாங்கவில்லை, அவருக்கு அது தேவைப்படவும் இல்லை என்பது அவர் முடிவு. 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இறையியலாளர் அபெலார்டு உங்கள் சொற்களிலேயே கேட்டார்: அப்பாவியின் ரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையல்லவா? 16-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் சொசினுஸ் இன்னும் கூர்மையாக மடக்கினார்: கடனை வசூலித்துவிட்டால் அதை மன்னித்ததாகச் சொல்ல முடியாது, மன்னித்துவிட்டால் வசூலிக்கக் கூடாது.

‘நேராக மன்னித்திருக்க முடியாதா’ என்பதற்குப் பெரிய ஆசிரியர்களின் பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: முடியும். வேறு வழிகள் கடவுளுக்கு இருந்தன, இதைவிடப் பொருத்தமானது இல்லை என்றார் அகுஸ்தீன். எந்த ஈடும் வாங்காமல் மன்னித்திருந்தாலும் அது நீதிக்கு விரோதமாகியிருக்காது, ஏனென்றால் குற்றம் இழைக்கப்பட்டது அவருக்கே என்றார் தோமா அக்குவினா. இயேசுவே தன் ஊழியத்தில் ரத்தம் எதுவும் கேட்காமல் மன்னித்தார். கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனிடம் ‘உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது’ என்றபோது சிலுவை இன்னும் வரவில்லை. கெட்டுப்போன மகன் திரும்பிவரும்போது தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். மூத்த மகனை அடித்து இளையவனின் கடனைக் கழிக்கவில்லை. எனவே கடவுளின் மனதை மன்னிப்பின் பக்கம் திருப்புவதற்காகச் சிலுவை தேவைப்பட்டது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. புதிய ஏற்பாடும் அப்படிப் பேசுவதில்லை. ஒப்புரவு பற்றி எழுதும் எந்த இடத்திலும் கடவுள் நம்மோடு சமாதானப்படுத்தப்பட்டார் என்று பவுல் சொல்லவில்லை. கடவுள்தான் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்குகிறார்.

அப்படியானால் எதற்கு? 4-ஆம் நூற்றாண்டு ஆயர் அதானாசியுவின் பதில் எனக்கு இன்றும் வலுவாகத் தெரிகிறது. ஒரு சொல்லால் சாபத்தை நீக்கியிருந்தால் கடவுளின் வல்லமை தெரிந்திருக்கும், மனிதன் பழைய மனிதனாகவே இருந்திருப்பான். கிருபை அவனுக்கு வெளியிலேயே நின்றிருக்கும், மறுநாள் மறுபடியும் விழுவான். பாவம் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரியாக மட்டும் இருந்தால் அடித்துவிடலாம். அது மனிதரைப் பிடித்திருக்கும் ஆதிக்கம் என்றும், அதன் கூலி மரணம் என்றும் எடுத்துக்கொண்டால், அதை உள்ளே புகுந்துதான் உடைக்க வேண்டும். மனிதனாகப் பிறந்து, மனிதன் போகும் கடைசி இடமான மரணம் வரை, அதிலும் மிகக் கேவலமான மரணம் வரை, கடவுளே போனார். இனி கடவுள் இல்லாத இடம் என்று சாவுக்குள்கூட எதுவும் மிச்சமில்லை. கிழக்கத்திய சபைகள் ஈஸ்டரில் பாடுவது இதைத்தான்: மரணத்தால் மரணத்தை மிதித்தார். இதில் நம் பங்கு என்ன என்பதற்குப் பவுலின் ஒரு வரியைக் கவனமாகப் பாருங்கள். ‘ஒருவர் எல்லாருக்காகவும் மரித்தார்’ என்று தொடங்குகிறவர், ‘ஆகவே மற்றவர்கள் சாக வேண்டியதில்லை’ என்று முடிக்கவில்லை; ‘ஆகவே எல்லாரும் மரித்தார்கள்’ என்று முடிக்கிறார். பதிலாள் என்பதைவிட, எல்லாரையும் தன்னுள் அடக்கிய பிரதிநிதி என்பது அந்த வாக்கியத்துக்கு நெருக்கம். ஞானஸ்நானத்தில் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுவது என்ற ரோமர் 6-ஆம் அதிகாரப் பேச்சும் இதே தடத்தில் போகிறது.

நமக்கு வர வேண்டிய தண்டனையை இயேசு நமக்குப் பதிலாக ஏற்றார் என்ற தண்டனைப் பதிலாள் கோட்பாட்டைக் கைப்பிரதிகளிலும் கூட்டங்களிலும் நீங்கள் அதிகம் கேட்டிருப்பீர்கள். அதன் வரலாறு கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 1098-ல் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் எழுதி முடித்த வாதத்தில் பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்த வேண்டிய மரியாதையைச் செலுத்தாத கடன்; செலுத்த வேண்டியவன் மனிதன், செலுத்த முடிந்தவர் கடவுள், ஆகவே கடவுள்-மனிதர் ஒருவர் தேவை. ஆனால் அன்செல்மிடம் ‘தண்டனை அல்லது ஈடு’ என்று இரண்டில் ஒன்றுதான். இயேசு ஈடு செலுத்தியதால் தண்டனை நிகழவில்லை. இயேசுவே தண்டிக்கப்பட்டார் என்று முழு உருவம் பெறுவது புராட்டஸ்டன்ட் சபைகள் பிறந்த 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக் காலத்தில். அந்தச் சீர்திருத்தவாதிகளில் ஒருவரான கால்வின் சட்டம் படித்தவர், அந்தச் சாயல் அவர் எழுத்தில் தெரியும். இதற்கு வேதத்தில் பிடிமானமே இல்லை என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏசாயா 53, ‘நமக்காகச் சாபமாகி’ என்ற கலாத்தியர் 3:13, ‘பாவம் அறியாத அவரைப் பாவமாக்கினார்’ என்ற 2 கொரிந்தியர் 5:21 எல்லாம் அந்தப் பக்கம் நிற்கின்றன. தன் பாவத்தின் பாரத்தால் நொறுங்கிக் கிடக்கும் ஒருவருக்கு ‘உன் தண்டனை முடிந்துவிட்டது’ என்ற சொல் தரும் ஆறுதலையும் லேசாக எடைபோட முடியாது.

அது எங்கே கெட்டுப்போகிறது என்றால், பிதாவையும் குமாரனையும் இரண்டு தனி ஆட்களாகப் பிரிக்கும்போது. பிரசங்க மேடையில் பழகிப்போன ஒரு கதை உண்டு: நீதிபதி தன் முன்னால் நிற்கும் குற்றவாளிக்கு அபராதம் விதித்துவிட்டு, கீழே இறங்கிவந்து தன் பையிலிருந்து அதைக் கட்டுகிறார். அபராதத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம். தூக்குத் தண்டனையை இன்னொருவர் மேல் மாற்றிப்போட எந்த நியாயமான நீதிமன்றமும் ஒப்பாது. அந்த அளவில் கதை உடைந்துவிடுகிறது. ஆனால் அதில் ஒரு சரியான புள்ளி இருக்கிறது: இறங்கிவருவது நீதிபதியேதான். அதை மாற்றி, நீதிபதி மேலேயே உட்கார்ந்துகொண்டு மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடித்து அடித்தார் என்று சொல்லும் நிமிடத்தில் உங்கள் ஆட்சேபணை முழுக்கச் செல்லுபடியாகிவிடும். கிறிஸ்தவ விசுவாசம் அதைச் சொல்லவில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவரும் அதன் பாரத்தைச் சுமந்தவரும் ஒரே கடவுள். 553-ல் கூடிய இரண்டாம் கொன்ஸ்தாந்தினோப்பிள் சங்கம், மாம்சத்தில் சிலுவையில் அறையப்பட்டவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தில் ஒருவர் என்று ஒப்புக்கொள்ளாதவரைச் சபைக்குப் புறம்பாக்கியது. திரித்துவத்தை எடுத்துவிட்டுச் சிலுவையை மட்டும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது கொடுமை. இதில் உங்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

நேராக மன்னிப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதைப் பாவம் செய்தவர் பக்கமிருந்தே யோசிப்பவர்கள் தவறவிடுவார்கள். ஒருவன் அடித்தான், இன்னொருவன் அடிபட்டான். மேலே இருக்கும் கடவுள் அடித்தவனை மன்னித்துவிட்டேன் என்றால், அடிபட்டவன் என்ன ஆனான்? சிலுவையில் கடவுள் அடிபட்டவனின் இடத்தில் இருக்கிறார். அங்கிருந்து வரும் மன்னிப்புக்கு வேறு எடை. இரண்டாம் உலகப் போரில் கைதியாக இருந்த ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் 1970-களில் இந்தக் கோணத்தை விரித்தார். நம் பக்கத்தில் 1980-களில் அர்விந்த் நிர்மல், சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றியவர், தலித் இறையியலின் மையமாக சிலுவையில் இயேசு எழுப்பிய ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்ற கதறலைப் பார்த்தார். கைவிடப்பட்ட மக்களின் அனுபவத்தைக் கடவுளே அனுபவித்த இடம் அது என்றார். இதிலும் ஓர் ஆபத்து உண்டு. துன்பப்படுகிறவனிடம் ‘இயேசுவும் பொறுத்தார், நீயும் பொறு’ என்று சொல்ல இதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் அடிவாங்கும் பெண்களிடம் குறிப்பாக. ‘ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்’ என்று யோவானில் இயேசு சொல்கிறார். அடிவாங்கும் பெண்ணுக்கு அந்தத் தெரிவு கிடைப்பதில்லை.

எந்த விளக்கத்தை எடுத்தாலும் உயிர்த்தெழுதல் இல்லாமல் அது முழுமையாகாது. ‘கிறிஸ்து எழுந்திராவிட்டால் நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்’ என்கிறார் பவுல். சிலுவையிலேயே எல்லாம் கட்டித் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லும் கோட்பாடு இந்த வசனத்தை வைக்க இடமில்லாமல் தவிக்கும். அந்தக் கோட்பாட்டில் ஈஸ்டர் வெறும் ரசீதாகிவிடும்.

‘யூதர்கள் கொன்றார்கள்’ என்ற பேச்சையும் இங்கேயே நிறுத்த வேண்டும், ஏனென்றால் சிலுவையைத் தவறாக வாசித்ததில் விளைந்த மிகப் பெரிய கொடுமை அதுதான். அன்றைய யூதர் எல்லார் மேலும், இன்றைய யூதர் மேலும் அந்தப் பழியைச் சுமத்த முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று அறிவித்தது. அதற்கு நான்கு நூற்றாண்டு முன்பே, 1566-ல் வந்த கத்தோலிக்கரின் திரெந்து மறைக்கல்வி நூல், தெரிந்தே பாவம் செய்யும் கிறிஸ்தவர்களின் குற்றம் யூதருடையதைவிடப் பெரிது என்று எழுதியிருந்தது. படித்தவர்கள் குறைவு.

நீங்களே மூலத்தைப் பார்க்க விரும்பினால் மாற்கு 14, 15 அதிகாரங்களிலிருந்து தொடங்குங்கள். நிறுத்தி வாசித்தாலும் அரை மணி நேரம். உடனே சங்கீதம் 22-ஐ முழுவதும் வாசியுங்கள். கைவிடப்பட்ட கதறலில் தொடங்கும் அது துதியில் முடிகிறது. இயேசு முதல் வரியை மட்டும் நினைத்தாரா, முழுச் சங்கீதத்தையுமா என்பது இன்றும் விவாதம். அதன் பிறகு யோவான் 18, 19. அதே சாவுதான், ஆனால் மாற்குவில் கதறிச் சாகிறவர் யோவானில் ‘முடிந்தது’ என்று அரசனைப் போலச் சாகிறார். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை ஆலயத்தில் தியானிக்கும், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளும் எந்த ஒரு நற்செய்தியிலும் சேர்ந்து வருவதில்லை: மத்தேயு, மாற்கு இருவருக்கும் சேர்த்து ஒன்று, லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று. சாட்சிகளை ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாகக் கேட்ட பிறகு ரோமர் 3 முதல் 8 வரை போங்கள். பலர் நேராக ரோமர் 3-ல் குதித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள், அதனால்தான் நீதிமன்றம் மட்டும் மனதில் தங்குகிறது.

கடைசியாக, எல்லாருக்கும் கணக்கு தீர்ந்துவிட்டதா? இதில் சபைகளுக்குள் உடன்பாடு இல்லை. கிறிஸ்துவின் சாவு கடவுள் தெரிந்தெடுத்தவர்களையே குறிவைத்தது என்பது 1618-19-ல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய கால்வினியச் சங்கத்தின் முடிவு. ‘ஆடுகளுக்காக என் ஜீவனைக் கொடுக்கிறேன்’ என்பது அவர்கள் பிடிக்கும் வசனம். எல்லாருக்காகவும் மரித்தார், ஆனால் ஏற்றுக்கொள்வது அவரவர் பதிலைப் பொறுத்தது என்பது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் மரபு. ‘சர்வலோகத்தின் பாவங்களுக்காகவும்’ என்ற 1 யோவான் 2:2 அவர்களுடையது. கத்தோலிக்கத் திருச்சபையும் எல்லாருக்காகவும் மரித்தார் என்பதில் உறுதியாக நிற்கிறது. 1653-ல் அதை மறுத்தவர்களின் கருத்தைப் போப்பாண்டவர் கண்டித்தார். ஆனால் எல்லாரும் இரட்சிக்கப்பட்டாகிவிட்டது என்று அது போதிப்பதில்லை. 1947-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து உருவானதே தென்னிந்தியத் திருச்சபை. கால்வினின் மரபும் வெஸ்லியின் மரபும் அதற்குள் ஒருசேர வந்துவிட்டன. ஆகவே அங்கே ஒரே பிரசங்க பீடத்திலிருந்து ஒரு வாரம் முதல் பதிலும் அடுத்த வாரம் இரண்டாவது பதிலும் கேட்டால் நீங்கள் தவறாகக் கேட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.